வீட்டில் செய்யும் பேட்டரி பெட்டி: பி.எம்.எஸ். தேர்ந்தெடுப்பது எப்படி?

பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் மின்தடை அறிவிக்கும் நாளில், ஓமலூர் சுற்றுவட்டாரத்தில் காலை 9 மணிக்கு நிற்கும் மின்சாரம் பிற்பகலிலோ மாலையிலோதான் திரும்பும். 1,440 மெகாவாட் திறன் கொண்ட மேட்டூர் அனல் மின் நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும், கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் பத்திரமாக இறங்க வேண்டுமானால் லைனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் இந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனிக்கிறார்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. ஆனால் பைபர் இணைப்பு தரும் பெட்டியிலும் ரௌட்டரிலும் இல்லை. மின்சாரம் போன அந்த நொடியே இண்டர்நெட்டும் போய்விடுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் லேப்டாப்பும் படுத்துவிடுகிறது.

2012ஆம் ஆண்டு வாக்கில் தமிழகத்தில், குறிப்பாக சென்னைக்கு வெளியே, நாள் ஒன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் மின்வெட்டு இருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதுதான் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் ட்யூபுலர் பேட்டரியும் வந்தன. அந்த பேட்டரியை ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாது. வைத்த இடத்திலேயே இருக்கும். இப்போது பலரும் விரும்புவது கைப்பிடி வைத்த சிறிய பெட்டி. நான்கு லித்தியம் செல்கள், லேப்டாப்பிற்கு ஒரு சாக்கெட், ரௌட்டருக்கு ஒரு 12 வோல்ட் இணைப்பு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் மட்டுமல்ல, கல்யாணத்திற்குப் படம் எடுக்கச் செல்பவர்கள், இரவு டிபன் தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் என எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். யுட்யூபில் இதைச் செய்வது எப்படி என்று காட்டும் வீடியோக்களும் நிறைய உண்டு.

அந்த வீடியோக்களில் செல் எங்கே வாங்குவது, பெட்டி எப்படி வெட்டுவது என்பதெல்லாம் விளக்கமாக வரும். பி.எம்.எஸ். என்னும் சிறிய சர்க்யூட் போர்டு மட்டும் கடைசி இரண்டு நிமிடத்தில் "இதையும் மாட்டிக் கொள்ளுங்கள்" என்ற அளவில் வந்து போகும். வீடு எரியாமல் காப்பது அந்தப் போர்டின் வேலை. எனவே அதைப் பற்றி மட்டும் இங்கு பார்க்கலாம்.

பி.எம்.எஸ். என்ன செய்கிறது?

பேட்டரி மேனேஜ்மெண்ட் சிஸ்டம் என்பதன் சுருக்கமே பி.எம்.எஸ். இதனை பேட்டரியின் காவல்காரர் எனலாம். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ், ஓடும் கரண்ட், செல்லின் சூடு ஆகியவற்றை இது ஓயாமல் பார்த்துக் கொண்டிருக்கும். எந்த அளவாவது எல்லை தாண்டினால், மாஸ்பெட் என்னும் மின்னணு சுவிட்சுகளை அணைத்து பேட்டரியைத் துண்டித்துவிடும். சில போர்டுகள் செல்களுக்கு இடையில் இருக்கும் சிறு வேறுபாட்டைச் சமன் செய்யவும் செய்கின்றன.

ட்யூபுலர் பேட்டரிக்கு இப்படி ஒரு காவல் இல்லையே, லித்தியத்திற்கு மட்டும் ஏன்? லெட் ஆசிட் பேட்டரியில் சார்ஜ் அதிகமானால் தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போகும். நாம் மீண்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோம். லித்தியம் செல்லில் அப்படி வெளியேற வழி இல்லை. அதிகமாக ஏற்றிய சக்தி செல்லின் உள்ளேயே சிதைவை உண்டாக்கும். சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் செல் தன்னைத் தானே மேலும் சூடாக்கிக் கொள்ளும். உள்ளே இருக்கும் திரவம் எரியக் கூடியது. இந்த நிலைக்கு வந்த பின் சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது.

இது எங்கோ நடக்கும் விஷயம் அல்ல. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில், இரவில் சார்ஜ் செய்யப் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டிலிருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. அதன் பின் ஏ.ஐ.எஸ். 156 என்னும் வாகன பேட்டரி விதி கடுமையாக்கப்பட்டு, முதல் கட்டம் 2022 டிசம்பர் 1 முதலும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதலும் நடைமுறைக்கு வந்தது. பி.எம்.எஸ்., செல்களுக்கு இடையில் இடைவெளி, சூடு ஏறினால் எச்சரிக்கை, கூடுதல் பியூஸ் என்று பல விஷயங்களை அந்த விதி கேட்கிறது. ஆனால் அது வாகனங்களுக்கானது. நீங்கள் வீட்டு மேஜையில் வைத்துச் செய்யும் பெட்டியைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப் போவதில்லை. அந்தச் சோதனையையும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் கணக்கு

கடைக்குச் செல்லும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பைபர் பெட்டியும் ரௌட்டரும் சேர்ந்து சுமார் 15 வாட். லேப்டாப் சார்ஜரில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், பேட்டரி நிறைந்த பின் டைப் செய்வதற்கும் பிரவுசருக்கும் சராசரியாக 40 வாட் போதும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள மின்விசிறி 30 வாட், எல்.இ.டி. விளக்கு 10 வாட். மொத்தம் 95 வாட். ஐந்து மணி நேரத்திற்கு 475 வாட் அவர். வோல்டேஜ் மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 550. 3.2 வோல்ட், 50 ஆம்பியர் அவர் செல்கள் நான்கை வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட்டில் 640 வாட் அவர் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் இந்தப் பெட்டியையே உதாரணமாக வைத்துக் கொள்வோம்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது போன்ற பெட்டி யு.பி.எஸ். அல்ல. மின்சாரம் போன நொடியில் தானாக மாறிக் கொள்ளாது. நீங்கள் பிளக்கை மாற்றும் முன் கம்ப்யூட்டர் அணைந்து, சேவ் செய்யாத பைல் போய்விடும். டெஸ்க்டாப்பிற்கு சாதாரண யு.பி.எஸ். வாங்குவதே நல்லது.

அயனா, அயர்னா?

பி.எம்.எஸ். வேண்டும் என்று கடையில் கேட்டால், "எத்தனை ஆம்ப்ஸ் தம்பி?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வரும். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, செல் என்ன வகை என்பது.

நம் ஊர் உச்சரிப்பில் இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. "லித்தியம் அயன்" என்பது ஒரு பொதுப் பெயர். லித்தியம் வகை பேட்டரிகள் எல்லாவற்றையும் அது குறிக்கும். கடைகளில் அந்தப் பெயரில் தருவது பெரும்பாலும் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை. "லித்தியம் அயர்ன்" என்பது இரும்பு கலந்த வகை. முழுப் பெயர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்.எப்.பி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனப் குழுவினர் 1990களில் உருவாக்கியது இந்த வகை. லித்தியம் பேட்டரிக்கான 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அயன், அயர்ன் இரண்டையும் போனில் சொன்னால் எதிர்முனையில் ஒன்றாகவே கேட்கும். எனவே "எல்.எப்.பி." என்றோ "3.2 வோல்ட் செல்" என்றோ சொல்லிக் கேளுங்கள். வந்த பார்சலைப் பிரித்ததும் போர்டின் மீது என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

என்.எம்.சி. செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட். அதற்கான போர்டு 4.25 வோல்ட் அருகில்தான் துண்டிக்கும். எல்.எப்.பி. செல்லின் முழு சார்ஜ் 3.65 வோல்ட் மட்டுமே. இப்போது எல்.எப்.பி. செல்கள் நான்கிற்கு என்.எம்.சி. போர்டை மாட்டிவிட்டதாக வைத்துக் கொள்வோம். சார்ஜர் சரியானது, 14.6 வோல்ட். மூன்று செல்கள் 3.4 வோல்ட்டில் இருக்கின்றன. நான்காவது மட்டும் முன்னதாகவே நிறைந்துவிட்டது. மூன்றும் சேர்ந்து 10.2. மீதி 4.4 வோல்ட் வரை அந்த ஒரு செல்லின் மீது ஏறப் பார்க்கும். காவல்காரரோ 4.25 வரை "எல்லாம் சரி" என்று உட்கார்ந்திருப்பார். வெளியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் மொத்தம் 14.6 என்று ஒழுங்காகக் காட்டும். செல் வீங்கிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

மாறாக, என்.எம்.சி. செல்லிற்கு எல்.எப்.பி. போர்டு போட்டால் சார்ஜ் பாதியிலேயே நின்றுவிடும். ஆபத்து குறைவு; ஆனால் "செல் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது எல்.எப்.பி. மட்டுமே. அதே சக்திக்கு எடையும் இடமும் கூடுதல்தான். ஆனால் தானாகச் சூடாகி எரியும் நிலைக்கு வர அதற்கு அதிக வெப்பம் தேவை; ஆயுளும் அதிகம். தீயே பிடிக்காது என்று விற்பவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். சேதமான எல்.எப்.பி. செல்லும் எரியக் கூடிய வாயுவை வெளியிடும்.

எத்தனை செல்?

இரண்டாவது கேள்வி எளிது. வரிசையாக எத்தனை செல்களோ அத்தனைக்கான போர்டு வேண்டும். நான்கு என்றால் 4எஸ். மூன்றிற்கான 3எஸ் போர்டை வாங்கி நான்கில் மாட்டினால் நான்காவது செல்லுக்குக் காவல் இல்லை. "12 வோல்ட் பி.எம்.எஸ்." என்று மட்டும் கேட்டால் என்.எம்.சி.க்கான 3எஸ் போர்டும் வரலாம், எல்.எப்.பி.க்கான 4எஸ் போர்டும் வரலாம். இரண்டையுமே 12 வோல்ட் என்றுதான் விற்கிறார்கள்.

எத்தனை ஆம்பியர்?

இப்போது கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். நம் பெட்டியில் லேப்டாப் முழு வேகத்தில் சார்ஜ் ஏறும்போது கூட மொத்தம் 120 வாட். அதை 12.8 ஆல் வகுத்தால் 10 ஆம்பியருக்கும் குறைவு. ரௌட்டர், விசிறி, லேப்டாப் எல்லாவற்றையும் நேரடியாக டி.சி.யிலேயே ஓட்டினால் 30 ஆம்பியர் போர்டே தாராளம். லேப்டாப்பிற்கு காரில் மாட்டும் 65 வாட் டைப் சி சார்ஜர் போதும், இன்வெர்ட்டர் தேவையில்லை. 12 வோல்ட்டை 230 ஆக்கி, லேப்டாப் சார்ஜர் அதை மீண்டும் 20 வோல்ட்டாக இறக்குவது வீண் வேலை. ஷாக் அடிக்கும் அபாயமும் கூடச் சேர்கிறது.

இன்வெர்ட்டர் வேண்டியே தீரும் என்பவர்கள் கணக்கை மாற்ற வேண்டும். 300 வாட் இன்வெர்ட்டர், வீணாவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 350 வாட்டிற்கும் மேல் இழுக்கும். ஏறக்குறைய 30 ஆம்பியர். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் போது அதைவிட அதிகம். இதற்கு 50 அல்லது 60 ஆம்பியர் போர்டு வேண்டும்.

போர்டின் மீது பெரிதாக 100ஏ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தொடர்ந்து தாங்கும் கரண்டா, சில நொடி மட்டும் தாங்கும் உச்ச கரண்டா என்று விவரத் தாளில் பார்க்க வேண்டும். விவரத் தாளே இல்லாத போர்டை வாங்காமல் இருப்பது நல்லது. நான் கைக்கொள்ளும் விதி, தேவையைப் போல இரு மடங்கு தொடர் கரண்ட் தாங்கும் போர்டு. அதற்காக 10 ஆம்பியர் பெட்டிக்கு 200 ஆம்பியர் போர்டும் வேண்டாம். போர்டின் ஓவர் கரண்ட் எல்லை அவ்வளவு உயரத்தில் இருந்தால், உங்கள் ஒயர் உருகும் வரை அது அசையாது.

சார்ஜ் கரண்டிற்குத் தனி எல்லை உண்டு என்பதையும் பாருங்கள். 30 ஆம்பியர் வெளியே விடும் சில போர்டுகள் உள்ளே அதில் பாதியையோ அதற்கும் குறைவையோதான் ஏற்கும்.

இன்னொன்று. மாஸ்பெட்கள் பழுதானால் பெரும்பாலும் மூடிய சுவிட்சாகவே பழுதாகின்றன. அதாவது கரண்ட் ஓடிக் கொண்டேயிருக்கும், துண்டிக்க முடியாது. எனவே பி.எம்.எஸ். இருக்கிறதே என்று பியூஸை விட்டுவிடக் கூடாது. 50 ஆம்பியர் அவர் செல்கள் நான்கை ஒரு ஸ்பேனர் தவறி விழுந்து ஷார்ட் செய்தால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேல் ஓடலாம். அந்தக் கரண்டை உடைக்கத் தக்க டி.சி. பியூஸ் வேண்டும். ஏ.என்.எல். என்ற வகை, 40 ஆம்பியர், கார் ஆடியோ கடைகளில் கேட்டால் கிடைக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே மாட்டி, மெயின் ஒயருக்கு 6 சதுர மி.மீ. செம்பு ஒயர் பயன்படுத்துங்கள். அங்கிருந்து ரௌட்டர், விசிறிக்குப் பிரியும் மெல்லிய ஒயர்கள் ஒவ்வொன்றிற்கும் அதனதன் அளவில் சிறிய பியூஸ் தனியாக வேண்டும். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஏ.சி. எம்.சி.பி. இதற்கு ஆகாது.

சமன் செய்தல்

விளம்பரங்களில் "பேலன்ஸ் வசதி உண்டு" என்று பெரிதாகப் போடுவார்கள். சாதாரண போர்டுகளில் இந்த வேலையைச் செய்வது சிறிய ரெசிஸ்டர்கள். முன்னதாக நிறைந்த செல்லிலிருந்து 50 மில்லி ஆம்பியர் அளவில் சொட்டுச் சொட்டாக இறக்கும். இரண்டு செல்களுக்கு இடையே 2 ஆம்பியர் அவர் வித்தியாசம் இருந்தால், அதைச் சரி செய்ய 40 மணி நேரம் ஆகும். அதுவும் சார்ஜ் நிறையும் தறுவாயில் மட்டுமே வேலை செய்வதால், நடைமுறையில் வாரக் கணக்காகும். ஆகவே சமன் செய்வதை போர்டின் தலையில் போடாதீர்கள். ஒரே தயாரிப்பு, ஒரே திறன் கொண்ட நான்கு புது செல்களை வாங்கி, வரிசையில் இணைக்கும் முன் நான்கையும் பக்கவாட்டில் இணைத்து, அளவு வைக்கக் கூடிய பவர் சப்ளையில் 3.65 வோல்ட் வைத்து நிறைத்து எடுக்க வேண்டும். பவர் சப்ளை இல்லையென்றால் செல் விற்பவரிடமே கேளுங்கள். சிலர் செய்து தருகிறார்கள். இதைச் செய்துவிட்டால் 50 மில்லி ஆம்பியரே பல ஆண்டுகளுக்குப் போதும்.

ஓமலூர் வெயில்

"ஜீரோ டிகிரிக்குக் கீழ் சார்ஜ் ஆகாமல் தடுக்கும்" என்ற வசதிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். உறையும் குளிரில் லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் செல் கெடும் என்பது உண்மை. அது லடாக் செல்பவர்கள் கவலை. நமக்கு ஏற்காட்டிலேயே அந்தக் குளிர் கிடையாது. நமக்கு வேண்டியது மறுபக்கம். பெரும்பாலான லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட அறையிலோ, கதவு மூடிய காரிலோ மூடிய பெட்டிக்குள் அந்த அளவைத் தொடுவது மிக எளிது.

எனவே போர்டிலிருந்து மெல்லிய ஒயரில் தொங்கும் சிறு உணரி இருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவு போர்டுகளில் அது இருக்காது. சிலவற்றில் போர்டின் சூட்டை மட்டும் பார்க்கும். உணரியைச் செல்லின் உடம்பில், இரண்டு செல்களுக்கு நடுவில், ஒட்ட வேண்டும். காற்றில் தொங்க விட்டால் அது பெட்டியின் காற்றை மட்டுமே அளக்கும்.

ஸ்மார்ட் போர்டு தேவையா?

தேவை என்பேன். டேலி, ஜே.பி.டி., ஜே.கே. போன்ற சீன நிறுவனங்களின் புளுடூத் போர்டுகள் இங்கும் கிடைக்கின்றன. மொபைலில் அப்ளிகேஷனைத் திறந்தால் நான்கு செல்களின் வோல்டேஜும் தனித்தனியாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குக் காட்டுவதால் கூடுதல் விலை நியாயமானதே. மாதம் ஒரு முறை, சார்ஜ் நிறையும் போது, நான்கு எண்களையும் எக்செல்லில் குறித்து வாருங்கள். ஒரு செல் மட்டும் மாதா மாதம் முந்திக் கொண்டு நிறைகிறது என்றால் அது பலவீனமாகி வருகிறது என்று ஓராண்டு முன்பே தெரிந்துவிடும்.

ஆனால் ஸ்மார்ட் என்றால் செட்டிங்ஸ் உண்டு. செட்டிங்ஸ் இருந்தால் அதைத் தப்பாக மாற்றவும் முடியும். பெட்டியை இணைத்த உடன் செல் வகை எல்.எப்.பி. என்று இருக்கிறதா, எண்ணிக்கை 4 தானா என்று பார்த்துக் கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் புளுடூத் தேடும்போது உங்கள் பேட்டரி கிடைத்தால், விளையாட்டாக எல்லைகளை மாற்றி வைத்துவிடலாம்.

காவல்காரரால் பார்க்க முடியாதவை

பி.எம்.எஸ். வரிசையில் உள்ள ஒவ்வொரு படியின் வோல்டேஜையும்தான் பார்க்கும். பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து எடுத்த 18650 செல்களில் பத்துப் பதினைந்தைப் பக்கவாட்டில் சேர்த்து ஒரு படியாக்கினால், போர்டிற்கு அது ஒரே செல். அதில் ஒன்று உள்ளுக்குள் கெட்டுப் போய் மற்றவற்றிடமிருந்து கரண்டை உறிஞ்சிக் கொண்டிருந்தாலும் எண் மாறாது. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் இந்த செல்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று பலர் ஆசைப்படுகிறார்கள். செல் ஒவ்வொன்றையும் சோதித்துப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சரி. முதல் பெட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

புது செல்லிலும் உள்ளே குறை இருக்கலாம். 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் எரிந்ததும், அந்த மாடலையே நிறுத்த நேர்ந்ததும் நினைவிருக்கும். காரணம் செல்களின் உள்ளே இருந்த தயாரிப்புக் குறைகள் என்று அந்நிறுவனமே 2017 ஜனவரியில் அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் பாதுகாப்பு சர்க்யூட்டாலும் அதைத் தடுக்க முடியவில்லை. எனவே பெட்டியை எங்கு வைக்கிறோம் என்பதும் முக்கியம். கட்டிலுக்கு அடியில், கேஸ் சிலிண்டர் அருகில், படுக்கும் அறைக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட வழியில் வைக்காதீர்கள். தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். புகை வந்தால் பெட்டியைத் தூக்கப் போகாமல் எல்லாரும் வெளியேறி 101 அல்லது 112க்கு அழையுங்கள்.

சார்ஜர் வேறு, பி.எம்.எஸ். வேறு

பி.எம்.எஸ். இருப்பதால் எந்த சார்ஜரையும் மாட்டலாம் என்பது தவறான எண்ணம். 14.6 வோல்ட்டில் நின்றுவிடும் எல்.எப்.பி. சார்ஜர்தான் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி ஒயரைக் கழற்றி இதில் மாட்டுவது கூடாது. ட்யூபுலர் பேட்டரிக்கான சில சார்ஜர்கள் 15 வோல்ட்டைத் தாண்டிச் செல்லும். சார்ஜர் நேரத்தில் நிறுத்த வேண்டும், விசிறியையும் லேப்டாப்பையும் நீங்கள் நேரத்தில் கழற்ற வேண்டும். இரண்டும் ஒழுங்காக நடந்தால் ஆண்டு முழுவதும் போர்டு ஒரு முறை கூட துண்டிக்க நேராது. மாதம் இரண்டு முறை துண்டிக்கிறது என்றால் போர்டு கெட்டதல்ல, வேறெங்கோ தப்பு இருக்கிறது.

அப்படித் துண்டித்து விட்டால் வெளி முனைகளில் மல்டிமீட்டர் ஒன்றுமில்லை என்றோ, இரண்டு மூன்று வோல்ட் என்றோ காட்டும். பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்து, போர்டைத் தாண்டி நேரடியாகச் சார்ஜ் செய்பவர்கள் இருக்கிறார்கள். காவல்காரரைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திறப்பதற்கு இது சமம். சரியான சார்ஜரை மாட்டினால் பெரும்பாலான போர்டுகள் தானாக விழித்துக் கொள்ளும். விழிக்கவில்லை என்றால் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்து பாருங்கள். 2 வோல்ட்டிற்குக் கீழே இறங்கிப் பல நாள் கிடந்த செல்லை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

இணைக்கும் போது

மெல்லிய ஒயர்கள் ஐந்து ஒரு சாக்கெட்டில் வரும். அதனை போர்டில் செருகும் முன்பாக மல்டிமீட்டரில் சோதிப்பது இரண்டு நிமிட வேலைதான். இதைத் தாண்டிச் சென்றதால் எரிந்த போர்டுகள் ஏராளம். போர்டின் தடித்த பி மைனஸ் ஒயரை முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையில் பொருத்துங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை அதே நெகடிவ்வில் வைத்து, சிவப்பு முனையால் சாக்கெட்டின் ஊசிகளை வரிசையாகத் தொடுங்கள். செல் ஒவ்வொன்றும் 3.3 வோல்ட்டில் இருந்தால் 0, 3.3, 6.6, 9.9, 13.2 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஏதேனும் ஒரு படி தாவினாலோ, இறங்கினாலோ, ஒயர் இடம் மாறியிருக்கிறது. சரி செய்த பின்னரே சாக்கெட்டைச் செருகவும். மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இவ்வளவும் நமக்கு ஆகாது என்று தோன்றுகிறதா? ரௌட்டருக்கு மட்டும் என்றால் சிறிய டி.சி. யு.பி.எஸ். ஒன்று கடையில் கிடைக்கிறது. லேப்டாப் தன் சொந்த பேட்டரியில் ஓடட்டும். முழுப் பெட்டியையே ரெடிமேடாக வாங்குவதானால், ஆர் எனத் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் பேட்டரியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஊருக்குச் செல்பவர்களுக்கு ஒரு தகவல். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையத்திற்கு இதைக் கொண்டு போய்ப் பயனில்லை. பயணிகள் கையோடு எடுத்துச் செல்லும் தனி பேட்டரிக்கு 100 வாட் அவர் வரைதான் அனுமதி. விமான நிறுவனம் சம்மதித்தால் 160 வரை. செக் இன் பெட்டியில் தனி பேட்டரியே வைக்கக் கூடாது. நம்முடையது 640. கார் பயணத்திற்குத்தான் சரிப்படும். அதிலும் வண்டியை வெயிலில் நிறுத்தும்போது பெட்டியை உள்ளே விட்டுச் செல்ல வேண்டாம்.